பார்க்கலாம் டாக்டர்

‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. ‘முடியாது’ என்பதை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் ‘பார்க்கலாம்’. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளி, முகம் நிறையச் சிரித்துச் சொல்வார். கேட்டவர் வேலை முடிந்துவிட்ட நிம்மதியோடு எழுந்து போவார். பேருந்து நிறுத்தம் வரை போன பிறகுதான், தன் கையில் ஒன்றுமில்லை என்பது சிலருக்கு உறைக்கும். சிலருக்கு அது உறைக்க வருஷங்கள் ஆயின.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. மிருகக்காட்சி சாலையில் புலியைப் பார்க்கலாம் என்றால் அனுமதி. வேலை போட்டுத் தருவீர்களா என்று கேட்டவரிடம் பார்க்கலாம் என்றால், நடையைக் கட்டு என்று பொருள். எல்லோருக்கும் தெரிந்த இந்த வித்தியாசம் எங்கள் டாக்டர் சொல்லும்போது மட்டும் காணாமல் போய்விடும். குரல் அப்படிப்பட்டது. பஞ்சில் சுற்றிக் கொடுப்பார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. நிறுவனத்திலும் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முன்னால் ‘டாக்டர்’, முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம் டாக்டர்’.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு போல்ட்டு நட்டு பட்டறைக்கும் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் நடுவே இருந்தது எங்கள் ஆய்வு நிறுவனம். பட்டறையில் பிரஸ் இறங்கினால் எங்கள் மேஜையில் தேநீர் நடுங்கும். நான் அங்கே தர உறுதிப் பிரிவில் இருந்தேன். எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும், தவறினால் யாரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. அவர் செல் ஆய்வகத்தின் தலைவர். என் விதிகள் எல்லாம் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அவர் அந்த இரண்டுக்கும் நடுவில் குடியிருந்தார்.

கோப்பு அனுப்பினால் ‘ஒப்புதல்’ என்றோ ‘மறுக்கப்படுகிறது’ என்றோ எழுத மாட்டார். ‘பார்த்தேன்’ என்று எழுதி, அழகாக ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். பார்த்து என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. வாயால் ‘பார்க்கலாம்’, எழுத்தில் ‘பார்த்தேன்’. நிகழ்காலத்தில் அந்த மனிதர் எதையும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் வாசல் காவலாளி ஒரு மழைக்காலத்தில் அவரிடம் மழைக்கோட்டு கேட்டார். பார்க்கலாம் என்றார். அடுத்த மழைக்காலமும் வந்தது. காவலாளி சிமெண்ட்டு மூட்டையின் உள்பையை வெட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். “டாக்டர் வாங்கித் தரேன்ட்டாரு சார், வெளியூர்லேந்து வருதாம்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். வெளியூர் என்பது காவலாளியே சேர்த்துக்கொண்டது. அவருடைய ‘பார்க்கலாம்’ அப்படித்தான் வேலை செய்யும். மீதியைக் கேட்டவரே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

செல் வளர்க்கும் அறையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். ‘செல் அறைக்குள் செல் கொண்டு செல்லக் கூடாது.’ எழுதி முடித்த அன்று மாலை வரை அதன் முன்னால் நின்று நின்று ரசித்தார். அவர் எழுத்தில் தெளிவாகத் தடை விதித்த ஒரே வாக்கியம் அது. அதிலும் எதற்குத் தடை என்று புரிய இரண்டு முறை படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தெரியும். அதுதான் எரிச்சல்.

பரம்பரையாக வரும் ஒரு நோயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். தசைக்குள் சேர்த்து வைத்த சர்க்கரையை உடைத்துச் செலவழிக்க உடம்பில் ஒரு நொதி வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த நொதி பிறவியிலேயே சரியாகச் சுரப்பதில்லை. சர்க்கரை தசையிலேயே தேங்கும். தரையிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும், படியேற முடியாது, பிறகு மூச்சே பாரமாகும். அந்தக் குழந்தையின் தசையை வெட்டி வெட்டி எடுத்து ஆராய முடியாது. அதனால் பயறளவு தோலை எடுத்து, அதிலுள்ள செல்லுக்குத் தான் தோல் என்பதையே மறக்கடித்து, கருவில் இருந்த காலத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் குருத்தணு என்று பெயர். குருத்தணு எதுவாகவும் ஆகலாம். இன்னும் எதுவும் ஆகவில்லை. பிறகு அதைத் தசையாக வளர்த்து, அதே நோய் தட்டில் எப்படி உருவாகிறது என்று கவனிப்பார்கள்.

செல்களுக்குள்ளே ஒரு ‘பார்க்கலாம்’ உண்டென்றால் அது குருத்தணுதான் என்று நான் ஒருமுறை கேன்டீனில் சொன்னேன். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. இதயமாக வேண்டும் என்றால் கல்லீரல் ஆக மாட்டேன், எலும்பு ஆக மாட்டேன் என்று ஒரு செல்கூடக் கடைசியில் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் வளர்த்த செல்கள் அந்த முடிவை எடுத்தன. வளர்த்தவர் எடுக்கவில்லை.

குருத்தணுக்கள் செல்லப்பிள்ளைகள். தினமும் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். சாப்பாடு போடுவது என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. ஒரு மழையில் தொழிற்பேட்டை முழுவதும் முழங்காலளவு தண்ணீர் நின்றபோது, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். சாப்பாடு போட்டார். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். கேட்டில் சிமெண்ட்டுப் பை போர்த்தி நின்றிருந்த காவலாளிக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார். செல்களிடம் அவருக்கு அவ்வளவு கரிசனம். அவை வாய் திறந்து எதையும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேட்கக்கூடிய ஒருத்தி வந்தாள்.

வேப்பம்பட்டிலிருந்து வந்த குடும்பம். அவள் தாத்தா காலம் வரை அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை. வயல்கள் மனைகளான பிறகு ஆண்கள் எல்லாம் ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்கு வந்தார்கள். கணவன் எங்கள் பக்கத்துப் பட்டறையில் பிரஸ் ஓட்டினான். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். ஒரே மகள். அந்த நொதி இல்லாத குழந்தை. நகருக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்து, அங்கிருந்த மருத்துவர் ஒருவர்தான் ஆராய்ச்சிக்குத் தோல் கொடுக்க விருப்பமா என்று கேட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார்.

ஒப்புதல் வாங்கும் நாள் என் முன்னிலையில்தான் நடந்தது. தமிழ்ப் படிவத்தை ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி செய்து கொடுத்திருந்தது. அவர்கள் செல் என்ற இடத்தில் எல்லாம் ‘உயிரணு’ என்று போட்டிருந்தார்கள். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ஒவ்வொரு சுவரிலும், மேம்பாலத் தூணிலும் ‘உயிரணு குறைபாடா?’ என்று கேட்டு, கீழே மீசை வைத்த ஒரு வைத்தியரின் படம் ஒட்டியிருப்பார்கள். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று ரயிலில் போகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ‘உங்கள் மகளின் உயிரணுக்களைச் சேகரித்து’ என்ற வரிக்கு வந்ததும் கணவன் எழுந்துவிட்டான்.

“இன்னா சார் எழுதி வெச்சுகீறீங்க? பொம்பளப் புள்ளைக்கு ஏது சார் உயிரணு?”

டாக்டர் தலையைச் சாய்த்து, வார்த்தையை மாற்ற முடியுமா என்று பார்க்கலாம் என்றார். அவன் கதவை நோக்கி நடந்தான். நான் பேனாவை எடுத்து உயிரணு வந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, ‘தோல் துணுக்கு’ என்று எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டேன். அப்படி அடித்துத் திருத்தினால் ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதினேன். தோல் என்றால் தோல் என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

பிறகு, அந்தப் படிவத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான வரிக்கு வந்தேன். ‘இந்த ஆய்வினால் உங்கள் குழந்தைக்கு நேரடியான சிகிச்சைப் பயன் எதுவும் கிடைக்காது.’ இந்த வரியை நிறுத்தி, இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது விதி. படித்தேன். எங்கள் டாக்டர் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, படிப்புக்குக் கிடைத்த பட்டம் அது, வைத்தியம் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்றும் சொன்னேன். அவள் நான் ஏதோ வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். நான் அரைக்கைச் சட்டையில் இருந்தேன். அவர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். கோட்டின் மேல் ‘டாக்டர்’ என்று பச்சை நூலில் தைத்திருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

“அப்போ எம் பொண்ணுக்கு இதனால ஒண்ணும் ஆவாதா டாக்டர்?”

“பார்க்கலாம்மா.”

நான்கு பக்கப் படிவம். நெறிக்குழு மூன்று கூட்டம் கூடி ஒவ்வொரு காற்புள்ளிக்கும் சண்டை போட்டு ஒப்புக்கொண்ட படிவம். அதை அந்த மனிதர் ஒரே வார்த்தையில் துடைத்து எறிந்தார். சும்மா எறியவில்லை, ஒரு ‘ம்மா’ வேறு சேர்த்து. நான் இடைமறித்து, ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் என்னை, நல்ல காரியத்தில் தும்மியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பெருவிரல் ரேகை வைத்து, மிச்ச மையை என் படிவத்திலேயே துடைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே வியப்பு.

“நான் ஒண்ணும் சொல்லலியே சார். பார்க்கலாம்னுதானே சொன்னேன். ஆகும்னு சொல்லலியே.”

“ஆகாதுன்னு சொல்லணும்.”

“சொன்னா அந்தம்மா முகம் எப்படிப் போகும்னு யோசிச்சீங்களா?”

தன் மனதில் இதற்குக் கருணை என்று அவர் பெயர் வைத்திருந்தார். எதிரே ஒரு முகம் வாடுவதைத் தன் கண்ணால் பார்க்கப் பிடிக்காத சுகவாசி அவர். வாட வேண்டிய முகம் வீட்டுக்குப் போய் வாடட்டும், ரயிலில் வாடட்டும். தன் அறைக்குள் வாடாமல் இருந்தால் போதும். முகங்களுக்கு அவ்வளவு அஞ்சுகிறவர் மைக்ராஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

தோல் துணுக்கை எடுக்க உண்மையான மருத்துவர் ஒருவர் வந்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துத் தந்துவிட்டுப் போனார். குடும்பத்தார் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாதங்கள் ஓடின. தோல் குருத்தணுவானது. குருத்தணுவை எந்தத் தசையாக்குவது என்ற கேள்வி வந்தது. குழந்தைக்குக் கஷ்டம் காலிலும் மூச்சுத் தசையிலும். இதயம் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் தட்டில் கால் தசை சிவனே என்று கிடக்கும். இதயத் தசை துடிக்கும். துடிப்பதைப் படம் பிடித்துக் கூட்டங்களில் காட்டலாம்; பார்ப்பவர்கள் ஆ என்பார்கள்; பணம் போடுகிறவர்கள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். எங்கள் டாக்டர் இதயத் தசை வளர்த்தார். அதற்கான அறிவியல் காரணத்தை மூன்று பத்தியில் எழுதவும் செய்தார். காரணம் தவறில்லை. எனக்கு அந்த மூன்று பத்தியும் ஞாபகமில்லை. ஆ என்றவர்கள் ஞாபகமிருக்கிறார்கள்.

முதல் முறை துடித்த அன்றுதான் அவர் ஓடி நான் பார்த்தேன். தாழ்வாரத்தில் ஓடினார். இயக்குநரை அழைத்தார், என்னை அழைத்தார், கேன்டீனில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மாளை அழைத்தார், கேட்டிலிருந்து காவலாளியையும் அழைத்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றி, வலைத்தொப்பி மாட்டி, வரிசையில் நின்று குனிந்து பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, தனக்குத்தானே சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நான் நாற்பது வருஷ உத்தியோகத்தில் பலதையும் பார்த்தவன். அதைப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று இன்னொரு முறை பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் செய்தி போயிற்று. நேரில் பார்க்கலாமா என்று அவள் போனில் கேட்டாள். அவர் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு முறைதான் அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கிக் கண்ணாடியில் கண் வைக்கச் சொன்னாள். இது நீதாண்டி என்றாள். குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இது மட்டும் குதிக்குது. என்னால குதிக்க முடியலியே.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்த பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் மட்டும் குழந்தையின் தலையைத் தடவி, “குதிக்கலாம், பார்க்கலாம்” என்றார். அன்று அந்த இரண்டையும் சேர்த்தே சொன்னார்.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் சளி பிடித்தாலும் அவள் இவருக்குத்தான் போன் செய்தாள் என்று பின்னால் தெரிந்தது. இவர் எந்த மருந்தும் சொன்னதில்லை. அதில் சுத்தமான மனிதர். நிறையத் தண்ணீர் கொடுங்கம்மா, பார்க்கலாம் என்பாராம். தண்ணீர் கொடுக்கச் சொல்ல எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. அவளுக்கு அது டாக்டர் சொன்ன தண்ணீர்.

அடுத்து அவளை நான் பார்த்தது எங்கள் கேன்டீனில். கணவனுக்குப் பட்டறையில் சாப்பாடு கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்க வந்தவள், அவர் கூட்டத்தில் இருந்ததால் காத்திருந்தாள். குழந்தை மேஜை மேல் தலை வைத்திருந்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷன் படியில் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்கினாளாம். ஆறேழு மாதத்துக்கு முன்னால் அது கையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மூச்சுக்கு நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“அங்க இப்பல்லாம் போறதில்ல சார். ஒரு நாள் முச்சூடும் லைன்ல நிக்கணும். ரெண்டு தபா வரச் சொல்லி கூப்ட்டாங்க, போவல. இங்கதான் டாக்டர் எம் பொண்ணுக்கு புதுசா இதயமே வளத்துகினு கீறாரே.”

எனக்கு நடைமுறைகள் தெரியும். அதுதான் என் சாபம். அந்த நொதியை மருந்தாகச் செய்து, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ரத்தத்தில் ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. எந்தப் பட்டறைத் தொழிலாளியும் வாங்க முடியாத மருந்து. அரசு தந்தால்தான் உண்டு. தருவதற்கு முன்னால் மூச்சுப் பரிசோதனை, தசைப் பரிசோதனை எல்லாம் குறித்த நாளில் செய்து, பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். கூப்பிட்டும் வராதவர்களை மருந்து வேண்டாம் என்பவர்களாக எடுத்துக்கொள்வார்கள். அவள் போகாமல் விட்ட அந்த இரண்டு நாளும் அதற்கானவைதான் என்று கேட்டவுடனேயே புரிந்தது. மருந்து வந்தாலும் போன தசை திரும்ப வராது. மிச்சமிருப்பதைத்தான் அது காப்பாற்றும். நாள் போகப் போக மிச்சம் குறையும்.

இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இங்கே வளர்வது உங்கள் பெண்ணுக்கு வைக்க அல்ல என்று சொன்னேன். அவள் முகம் இறுகியது. இந்த முறை சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். டாக்டர் கையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

நான் முன்னால் போய் அவரைக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்கிறாள், இல்லை என்று சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வார்த்தை போதும் என்றேன். அவர் முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டார். அது உண்மையான வருத்தம்தான். ஆனால் வருத்தப்படுவதற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவில் அந்த மனிதருக்குள் ஒரு பெரிய சுவர் இருந்தது.

அவர் அறையில் நாங்கள் நான்கு பேர். குழந்தை நாற்காலியில் சாய்ந்திருந்தது. அவள் உட்காரவில்லை.

“டாக்டர், சுத்தி வளைக்காம சொல்லணும். அங்க துடிக்குதே, அத்த எம் பொண்ணுக்கு வெப்பீங்களா?”

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். ஆராய்ச்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, உலகம் முழுவதும் பலர் முயற்சி செய்கிறார்கள், இப்போதைக்கு எதையும் உறுதியாக, என்று தொடங்கினார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

“பார்க்கலாம்மா.”

அவள் கத்தவில்லை. புடவைத் தலைப்பால் குழந்தையின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“என்னியப் பொண்ணு பாக்க மூணு ஊட்லேந்து வந்தாங்க டாக்டர். பஜ்ஜி, கேசரி எல்லாம் துன்னுட்டு, எழுந்து போவ சொல்ல ‘பாக்கலாம்’னுதான் சொல்லிட்டுப் போனாங்க. எங்கம்மா அத்த நம்பி ரெண்டு வருசம் ரோட்டையே பாத்துகினு கெடந்துச்சு. ஒருத்தனும் வர்ல. கடசீல எங்க மாமனுக்கே குட்த்தாங்க. சொந்தத்துல கட்னதாலதான் இந்த வியாதின்னு பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதா டாக்டர், பாக்கலாம்னா இன்னான்னு?”

அவர் மேஜையைப் பார்த்தார். பக்கத்துப் பட்டறையில் பிரஸ் இறங்கியது. மேஜை மேல் தம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

“சரி,” என்றாள். “எம் பொண்ணு தோல்ல எடுத்தது எல்லாத்தியும் குடுத்துடுங்க. அந்தத் துடிக்கிறதும் சேத்து. ஊட்டுக்கு எட்த்துகினு போறேன்.”

“முடியாது.”

அறையில் யாரோ புதிதாக வந்து பேசியதுபோல் இருந்தது. தலை சாயவில்லை. சிரிப்பு இல்லை. ‘ம்மா’ இல்லை. பஞ்சும் இல்லை. விதிப்படி அதைக் கையில் கொடுக்க முடியாதுதான். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் அழித்துவிட வேண்டும் என்பதுதான் விதி. அந்த வரியை எழுதியவனே நான். ஆனால் அவர் விதியைச் சொல்லவில்லை. தன் சொத்தைக் கேட்டதுபோல் சொன்னார். வருஷக்கணக்கில் எங்கள் எல்லோருக்கும் தராமல் சேர்த்து வைத்திருந்த வார்த்தை, கேட்டு முடிப்பதற்குள் வந்து விழுந்தது.

அவள் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“ஆங். சொல்ல வருது பாரு,” என்றாள். “இத்த மொதல்ல சொல்லிருந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போவாம வுட்ருப்பனா? நீயே வெச்சுக்க டாக்டர். நான் இன்னா பண்ணப் போறேன் அத்த.”

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். எந்த கவுன்டரில் போய் நிற்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். நானும் கூடப் போனேன். அதில் பெருமை ஒன்றுமில்லை, எந்த வரிசையில் நின்றால் எந்தக் கதவு திறக்கும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

எங்கள் டாக்டர் மறுநாளே பழையபடி ஆகிவிட்டார். அந்த ‘முடியாது’ அவர் உடம்பில் ஒரு நாள் காய்ச்சல்போல் வந்து போயிற்று. நான் ஓய்வு பெற்ற அன்று, காவலாளிக்காவது அந்த மழைக்கோட்டை வாங்கித் தாருங்கள் என்றேன். என் கழுத்து மாலையைச் சரிசெய்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மனம் உருகிச் சொன்னார். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. இப்போது அவர் பெரிய பதவியில் இருக்கிறார். அந்தத் துடிக்கும் படத்தை இன்னும் கூட்டங்களில் காட்டுவதாகக் கேள்வி.

போன மாதம் அம்பத்தூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். முகப்பேர் போக ஆட்டோ பிடிக்க நான் வெளியே வந்தபோது, அவள் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்களாம். நடுவில் இங்கே இறங்கிக் கணவனைப் பார்த்துவிட்டு வேப்பம்பட்டு ரயிலுக்குப் போகிறார்கள். அரசு மருந்து கொடுக்கிறது. நடை திரும்பவில்லை. ஆனால் குழந்தை ஒரே மூச்சில் பேசியது, நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் தன் ரப்பரைத் திருடிவிட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தது.

அவள் குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“சார், அங்க எம் பொண்ணுது, இன்னும் துடிச்சுகினு கீதா?”

துடிக்கவில்லை. அந்தத் தட்டு அவள் திருப்பிக் கேட்ட சில வாரங்களிலேயே ஓய்ந்து, என் கையெழுத்தோடு கழிவில் போயிற்று. மிச்சக் குருத்தணுக்கள் திரவ நைட்ரஜனில் கல்லாக உறைந்து கிடக்கின்றன. இதையெல்லாம் நான் அறிவேன். அவள் முகம் மிக அருகில் இருந்தது. என் நாக்கு நுனியில் வந்து நின்றது அந்த மனிதருடைய வார்த்தை. தலைகூட லேசாகச் சாயப் பார்த்தது. விழுங்கினேன்.

“இல்லம்மா. நின்னுபோச்சு.”

அவள் நிமிர்ந்தாள். அறிவிப்பு ஒலித்தது, ரயில் வந்துகொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள்.

“போவட்டும் சார்,” என்றாள். “இவ துடிக்கிறா.”

ரப்பர் கதையை முடிக்க விடாமல் என்ன பேசுகிறீர்கள் என்று குழந்தை அம்மாவைத் திட்டியது.